பக்கத்து மாநில ரென் ஃபேருக்குக் காரில் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தாலே தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் வந்து சேரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே தொகுத்துவிட்டேன். கேட்பவர்கள் பெரும்பாலும் நியூஜெர்சியில் எடிசன், பிரின்ஸ்டன் பக்கம் இருப்பவர்கள். போக நினைப்பது மேரிலாந்து விழாவுக்கு. அதனால் வழியும் தூரமும் அந்தக் கணக்கில் இருக்கும். டிக்கெட், உடை, சாப்பாடு பற்றிய பதில்கள் எந்த ஊர் ரென் ஃபேருக்கும் ஓரளவு பொருந்தும்.

ரென் ஃபேர், ரென் ஃபேர்னு சொல்றாங்களே, அது மியூசியம் மாதிரியா, பொருட்காட்சி மாதிரியா?

இரண்டும் இல்லை. ரெனைசான்ஸ் ஃபேரைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். பெரிய தோப்பு போன்ற இடத்தில் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கிராமம் ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். மர வீடுகள், மதுக்கடைகள், நாடக மேடைகள், குதிரை வீரர்கள் மோதும் மைதானம் எல்லாம் இருக்கும். வருடத்தில் சில வார இறுதிகள் மட்டுமே கதவு திறக்கும். உள்ளே திரியும் ராஜா, ராணி, பிச்சைக்காரன், ஊர்க்காவலன் எல்லாரும் நடிகர்கள். பார்க்க வருபவர்களிலும் நிறையப் பேர் வேஷத்தோடுதான் வருவார்கள்.

இது தொடங்கியது இங்கிலாந்தில் அல்ல, கலிஃபோர்னியாவில். 1963 மே மாதம் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவர் கணவர் ரானும், கேபிஎஃப்கே என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வார இறுதியில் இப்படி ஒரு சந்தையை நடத்தினார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. வரலாற்றுத் துல்லியம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ராணியின் ஊர்வலத்துக்குப் பின்னாலேயே கடற்கொள்ளைக்காரன் வருவான், அவனுக்குப் பின்னால் சிறகு கட்டிய தேவதை வரும். தெருக்கூத்தும் தேர்த்திருவிழாக் கடைவீதியும் கலந்த ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

நியூயார்க்லயே ஒண்ணு இருக்காமே? அப்புறம் எதுக்கு மேரிலாந்து வரைக்கும்?

நியாயமான கேள்வி. நியூயார்க் மாநிலத்தில் டக்ஸிடோ ஊர்ப் பக்கம் ஸ்டெர்லிங் வனத்தில் ஒன்று நடக்கிறது. எடிசனிலிருந்து போக்குவரத்து இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்தான். பென்சில்வேனியாவில் லங்காஸ்டருக்கு வடக்கே மவுண்ட் ஹோப் என்ற பழைய இரும்பாலை முதலாளியின் மாளிகை வளாகத்தில் இன்னொன்று நடக்கிறது. பென்சில்வேனியா டர்ன்பைக்கில் 266-ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் பக்கத்திலேயே வந்துவிடும். இரண்டரை மணி நேரப் பயணம். மூன்றாவது, அன்னாபொலிஸுக்குப் பக்கத்தில் கிரவுன்ஸ்வில் ஊரில் நடக்கும் மேரிலாந்து விழா. சுமார் 180 மைல், மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரென் ஃபேர் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பவர்களுக்கு டக்ஸிடோ போதும். ஹெர்ஷி சாக்லேட் பூங்காவும் ஆமிஷ் கிராமங்களும் சேர்த்துப் பார்க்க ஆசை இருந்தால் மவுண்ட் ஹோப். ஒரு ராத்திரி தங்கி நிதானமாக அனுபவிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு மேரிலாந்துக்குத்தான். 1977-ல் கொலம்பியா நகரத்தில் தொடங்கி, 1985-ல் கிரவுன்ஸ்வில்லுக்கு இடம் மாறிய விழா அது. மரநிழல் அதிகம். கதையையும் தொடர்கதையாக நடத்துகிறார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சி வருடத்துக்கு வருடம் நகர்ந்துகொண்டே போகும். ஒரு வருடம் ஆன் போலின் ராணியாக வலம் வருவாள். கொஞ்ச வருடம் கழித்துப் போனால் அவள் தலை போயிருக்கும், வேறொருத்தி வந்திருப்பாள். ரெவல் குரோவ் என்று கிராமத்துக்கு ஒரு கற்பனைப் பெயரும் உண்டு.

எந்த வாரம் போனா நல்லது?

மேரிலாந்து விழா ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை, சனி, ஞாயிறு மட்டும். செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைத் திங்களும் சேரும். ஆகஸ்டில் கூட்டம் குறைவு, ஆனால் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். வெல்வெட் அங்கி மாட்டிக்கொண்டு சுற்றுகிற ஆளைப் பார்த்தால் நமக்கே வியர்க்கும். அக்டோபரில் இலைகள் நிறம் மாறி, குளிரும் இதமாக இருக்கும். அதனால் ஊரே அப்போதுதான் வருகிறது.

நான் சொல்வது செப்டம்பர் நடு, கடைசி வாரங்கள். நவராத்திரி கொலு எப்போது ஆரம்பிக்கிறது என்று காலண்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் கொலு வைத்துவிட்டு ராத்திரி வெளியூரில் தங்க முடியாது என்று கடைசி நேரத்தில் ரத்து செய்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

டிக்கெட்டை வாசல்ல வாங்கிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இப்போது பெரிய ரென் ஃபேர்களில் தேதி போட்ட டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கிறது. மேரிலாந்து விழாவில் சனிக்கிழமைகள் விற்றுத் தீர்ந்துபோகும், அதுவும் அக்டோபரில் சொல்லவே வேண்டாம். பக்கத்து ஊர்க்காரர்கள் டிக்கெட் இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்றரை மணி நேரம் ஓட்டி வந்த நாம் என்ன செய்வது?

முதலில் டிக்கெட், பிறகு ஹோட்டல், அதற்கப்புறம்தான் உடை. பெரியவர்களுக்கு 30 டாலர் சுற்றுவட்டத்தில் இருக்கும். தொடக்க வாரங்களில் கொஞ்சம் குறையலாம். சின்னக் குழந்தைகளுக்கு இலவசம், அந்த வயது வரம்பு விழாவுக்கு விழா மாறும். வாங்கியதும் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காட்டுக்குள் நிற்கும்போது போன் சிக்னல் தள்ளாடும்.

ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

முடியும், ஆனால் நான் போகமாட்டேன். காலை 10 மணிக்குத் திறக்கிற இடத்துக்கு 6 மணிக்கே கிளம்ப வேண்டும். சாயங்காலம் 7 மணிக்கு மூடுகிறார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் மதுக்கடை மேடையில் பாட்டுக் கச்சேரி களைகட்டும், நடிகர்களும் கொஞ்சம் தளர்ந்து கலகலப்பாகப் பேசுவார்கள். திரும்பி ஓட்ட வேண்டிய கவலையில் 4 மணிக்கே கிளம்புகிறவர்கள் அந்த நாளின் நல்ல பகுதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். நாள் முழுக்க வெயிலில் நடந்த கால்களோடு ராத்திரி ஐ-95 நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் சரியில்லை.

வெள்ளி சாயங்காலம் கிளம்பி, சனி முழுக்க விழா, ஞாயிறு காலை நிதானமாக எழுந்து திரும்புவதுதான் சரியான கணக்கு. அன்னாபொலிஸும் சேர்க்கலாம், வாஷிங்டனும் சேர்க்கலாம் என்று அடுக்காதீர்கள். விழாவுக்கே ஒரு முழு நாள் வேண்டும்.

எந்த வழியா போறது? பால்டிமோர் டிராஃபிக்ல மாட்டிக்காம போக வழி இருக்கா?

வழக்கமான வழி: நியூஜெர்சி டர்ன்பைக் தெற்கு முனை வரை, டெலவேர் மெமோரியல் பாலம், ஐ-95, பால்டிமோர் துறைமுகச் சுரங்கங்களில் ஒன்று, பிறகு ஐ-97. இளைப்பாற நல்ல இடங்கள் உண்டு. டெலவேரில் பைடன் வெல்கம் சென்டர், மேரிலாந்தில் செசபீக் ஹவுஸ், மேரிலாந்து ஹவுஸ். ஆனால் 2024 மார்ச்சில் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்ததிலிருந்து அந்தப் போக்குவரத்தெல்லாம் சுரங்கங்களின் தலையில் விழுந்துவிட்டது. வெள்ளி சாயங்காலம் அங்கே மாட்டினால் பொறுமை போய்விடும்.

இன்னொரு வழி உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். டெலவேர் மெமோரியல் பாலம் தாண்டியதும் யுஎஸ் 301 பிடித்துத் தெற்கே இறங்கி, செசபீக் பே பாலத்தில் மேற்காகக் கடந்து அன்னாபொலிஸ் பக்கம் வருவது. பால்டிமோரே குறுக்கே வராது. வெள்ளிக்கிழமை எல்லாரும் ஓஷன் சிட்டி கடற்கரைக்காகக் கிழக்கே போவார்கள், நாம் மேற்கே. ஞாயிறு அவர்கள் மேற்கே திரும்புவார்கள், நாம் கிழக்கே. இரண்டு நாளும் நெரிசலுக்கு எதிர்த்திசை. வெள்ளிக்கிழமை நெரிசல் நேரத்தில் நம் பக்கத்துப் பாலத்திலிருந்து ஒரு லேனை எதிரே வருகிறவர்களுக்குத் திருப்பிவிடுவார்கள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒரே சிக்கல், அந்தப் பாலம். 4.3 மைல் நீளம், நடுவில் நல்ல உயரம், ஓரத் தடுப்பு தாழ்வு. உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டாம். பயந்தவர்களின் காரைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டிக் கடத்திவிடும் தொழிலே அங்கே நடக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோல், பெட்ரோல், போலீஸ்... வேற மாநிலம்னா ஏதாவது கவனிக்கணுமா?

காரில் ஒட்டி டோல் கட்டும் ஈஸி பாஸ் ஒன்று போதும், வழியில் வரும் மூன்று மாநிலத்திலும் செல்லும். புறப்படும் முன் அதில் பணம் இருக்கிறதா, புது கார் நம்பர் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். டெலவேர் மெமோரியல் பாலத்தில் நியூஜெர்சியிலிருந்து போகும்போது மட்டும் வசூல். மேரிலாந்தில் ஐ-95 சஸ்கெஹானா ஆற்றுப் பாலத்தில் வடக்கே திரும்பும்போது மட்டும். பே பாலத்தில் கிழக்கே வரும்போது மட்டும். மேரிலாந்தில் காசு வாங்க ஆள் இருக்க மாட்டார். பாஸ் இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வீட்டுக்கே பில் வரும், கட்டணமும் கூடுதல்.

நியூஜெர்சியில் நாமே பெட்ரோல் போடக் கூடாது என்று சட்டம். அதனாலேயே பத்து வருடம் கார் ஓட்டியும் பம்பைத் தொடாத ஆட்கள் நம்மில் உண்டு. டெலவேரில் இறங்கி நாமே போட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, திரையில் ஜிப் கோடு கேட்டால் உங்கள் கிரெடிட் கார்டு முகவரியின் ஜிப் கோடு. கையில் போன் வைத்து ஓட்டுவது நியூஜெர்சி, டெலவேர், மேரிலாந்து மூன்றிலும் குற்றம். குழந்தை 8 வயதாகும் வரை, அல்லது 4 அடி 9 அங்குல உயரம் வரும் வரை, மேரிலாந்தில் கார் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். "தாத்தா மடியில் கொஞ்ச நேரம்" என்பதெல்லாம் வேண்டாம்.

எங்க தங்கலாம்?

அன்னாபொலிஸ் அழகான ஊர், ஆனால் வார இறுதியில் அறை வாடகை ஏறும். அங்கே அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இருக்கிறது. அதன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடக்கும் சனிக்கிழமையும், அக்டோபரில் படகுக் கண்காட்சி நடக்கும் நாட்களும் அறை கிடைப்பதே கஷ்டம். தேதி முடிவு செய்யும்போது இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மலிவாக வேண்டுமென்றால் பால்டிமோர் விமான நிலையத்தைச் சுற்றி லின்திகம், ஹானோவர் பக்கம் தேடுங்கள். விமானப் பயணிகளுக்கான ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும், ரத்து செய்யக்கூடிய அறையாகப் பிடிக்கலாம், விழாவுக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

காலைல எத்தனை மணிக்குப் போகணும்?

வாசல் திறப்பதற்கு முன்பே. கிரவுன்ஸ்வில் ரோடு சின்ன ரோடு, 11 மணிக்குமேல் கார்கள் ஊர்ந்துதான் வரும். கார் நிறுத்துவது புல்வெளியில். எந்த வரிசையில் விட்டீர்கள் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எல்லாக் காரும் ஒரே மாதிரி தெரியும். 7 மணிக்கு வெளியே வந்தவுடன் கிளம்பத் துடிக்காமல், டிக்கியைத் திறந்து மிச்சமிருக்கும் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு அரை மணி கழித்து வண்டியை எடுங்கள்.

வேஷம் போட்டே ஆகணுமா? போடலன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

கட்டாயமே இல்லை. ஜீன்ஸ், டி-ஷர்ட்டில் வருகிறவர்கள் ஏராளம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஏதாவது ஒன்றைப் போட்டுப் போனால் நாள் வேறு மாதிரி போகும். நடிகர்கள் உங்களைத் தேடி வந்து வம்பிழுப்பார்கள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். முழு உடை வாங்கச் செலவு அதிகம். பல விழாக்களில் வாசல் பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும், மதியத்துக்குள் நல்ல அளவுகள் போய்விடும்.

செலவில்லாத வழி: தொளதொளப்பான வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகலமான தோல் பெல்ட், கறுப்பு பேண்ட். பெண்களுக்கு நீளப் பாவாடையும் மேலே இறுக்கமான கையில்லாத ஜாக்கெட்டும். காலில் மட்டும் சமரசம் வேண்டாம். நடந்து பழகிய ஷூ. மண், சரளை, மேடு பள்ளம் எல்லாம் இருக்கும்.

வேட்டி கட்டிட்டுப் போலாமா? புடவை?

தாராளமாக. 16-ஆம் நூற்றாண்டில் நாமும்தானே இருந்தோம். எலிசபெத் ராணி அரியணையில் இருந்தபோதே, 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வியாபாரி 1583-ல் கிளம்பி இந்தியாவைச் சுற்றிவிட்டு 1591-ல் ஊர் திரும்பினார். அதனால் ராணியின் அவைக்கு வந்த தென்னாட்டு வணிகன் என்று சொல்லிக்கொண்டு நின்றால் வரலாற்றுப்படி பெரிய ஓட்டை எதுவும் இல்லை. நடிகர்கள் கேட்டால் மிளகு விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், அவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இன்னும் நுணுக்கமாகப் போக விரும்புகிறவர்கள் லேபாக்ஷி கோயில் ஓவியங்களைப் பாருங்கள். விஜயநகரக் காலத்து ஆண்கள் உயரமான கூம்புத் தொப்பியோடு நிற்பார்கள். ஒரு பழைய துணியும் அட்டையும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். புடவை என்றால் பருத்தி, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். பட்டு வேண்டாம், புழுதி விடாது. ஒரு சின்ன நெருடலும் உண்டு. விழாக்களில் ராணியாக வலம் வரும் அதே எலிசபெத்தான் 1600 டிசம்பர் 31-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தவர். அவர் முன்னால் மண்டியிடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்க சுத்த சைவம். உள்ள சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

பட்டினி கிடக்கமாட்டீர்கள், ஆனால் விருந்தும் எதிர்பார்க்காதீர்கள். சுட்ட சோளம், பிரெட்ஸல், உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் வகைகள், பழச்சாறு இவைதான் பொதுவாக நம்பிக்கையானவை. ரொட்டிக் கிண்ணத்தில் ஊற்றித் தரும் சூப் சைவம் போலத் தெரிந்தாலும் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்று கேளுங்கள். வறுவல் எண்ணெயில் மீனும் போடுகிறார்களா என்பதையும் கேட்கலாம், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அசைவக்காரர்களுக்குப் புகழ்பெற்றது வான்கோழிக் கால். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் குச்சியில் செருகித் தரும் ஸ்டேக்கைத் தள்ளிவையுங்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவு, மருத்துவத் தேவை என்றால் விலக்கு கிடைக்கும். நம் ஆட்கள் செய்வது: புளியோதரையும் தயிர்சாதமும் ஐஸ் பெட்டியோடு காரில். வெளியே போய்த் திரும்ப வர அனுமதி உண்டா, கையில் முத்திரை குத்துவார்களா என்று வாசலில் கேட்டுக்கொண்டு மதியம் காருக்கு வந்து சாப்பிடலாம். வான்கோழி, உருளைக்கிழங்கு, சோளம் மூன்றும் அமெரிக்காவிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போயின. தக்காளியும் மிளகாயும் நமக்கு வந்ததும் அதே கடல்வழியில்தான். ஆகவே எது அசல் சாப்பாடு என்ற வம்புக்கே போக வேண்டியதில்லை.

கார்டு போதுமா, கேஷ் வேணுமா? உள்ள போனப்புறம் எவ்வளவு செலவாகும்?

கடைகளில் பெரும்பாலும் கார்டு வாங்குவார்கள். கேஷ் வேண்டியது நடிகர்களுக்காக. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் தொப்பியை நீட்டுவார்கள். கத்தி வீசுகிறவர், கயிற்றில் நடப்பவர், சேற்றில் புரண்டு சிரிக்க வைக்கிறவர் பலருக்கும் அந்தத் தொப்பிப் பணம் வருமானத்தில் முக்கியமான பங்கு. அரை மணி நேரம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துவிட்டுத் தொப்பி வரும்போது போனைப் பார்ப்பது அழகில்லை. 5, 10 டாலர் நோட்டுகளாக மாற்றி எடுத்துப் போங்கள். ஒரு குடும்பத்துக்குக் காட்சிக்குப் பத்து என்பது மரியாதையான தொகை.

மற்றச் செலவு உங்கள் கையில். கைவினைக் கடைகளில் தோல், கண்ணாடி, மண்பாண்டம், நகை எல்லாம் உண்மையிலேயே நன்றாக இருக்கும், விலையும் அப்படித்தான். காலையில் பார்த்துவையுங்கள், சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

குதிரையில மோதறாங்களே, அது நிஜமா, நடிப்பா?

குதிரை நிஜம், வேகம் நிஜம், கவசத்தின் எடை நிஜம். யார் ஜெயிப்பார் என்பது பல விழாக்களில் கதைப்படி முன்பே முடிவானது, சில குழுக்கள் நிஜமாகவே மோதுகின்றன. இரண்டிலும் விழுந்தால் அடிபடும். ஒரு நாளில் சில முறை நடக்கும். முதல் ஆட்டத்தில் கூட்டம் குறைவு, கடைசி ஆட்டத்தில் சண்டை உச்சத்துக்குப் போகும். நல்ல இடம் வேண்டுமென்றால் அரை மணி முன்பே போய் உட்காருங்கள். எந்த வீரன் பக்கம் உட்கார்கிறீர்களோ அவனுக்குத்தான் கத்த வேண்டும்.

மேரிலாந்தில் இதற்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. 1962-லேயே இதை மாநில விளையாட்டாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் உள்ளூர்க்காரர்கள் ஆடுவது ஆளை ஆள் மோதுவதல்ல. குதிரையில் பாய்ந்து வந்து தொங்கும் சின்ன வளையங்களை ஈட்டி முனையில் கோர்த்து எடுப்பது.

அவங்க திடீர்னு வந்து பழைய இங்கிலீஷ்ல பேசினா என்ன பண்றது? பையனுக்குக் கூச்சம்.

சிரித்தாலே போதும். பதில் சொல்ல ஆசை இருந்தால் ஆணை "மை லார்ட்" என்றும் பெண்ணை "மை லேடி" என்றும் கூப்பிடுங்கள். கைதட்ட வேண்டிய இடத்தில் "ஹுஸா" என்று கத்துங்கள். தொந்தரவாக இருந்தால் தலையை லேசாக ஆட்டி நகர்ந்துவிடலாம். நல்ல நடிகர்கள் உடனே புரிந்துகொண்டு விலகிவிடுவார்கள். குழந்தைகளின் கூச்சம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். மரவாள் ஒன்று கையில் வந்தால் இன்னும் சீக்கிரம்.

நடிப்பெல்லாம் சரி, குடும்பத்தோட பார்க்கிற மாதிரி இருக்குமா? அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க.

இரட்டை அர்த்த ஜோக்குகள் இருக்கும். பெண்களின் உடையும் சிலது தாராளமாக இருக்கும். ஊர்த் திருவிழாவில் கரகாட்டமும் ரெக்கார்ட் டான்ஸும் பார்த்த பெரியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற காட்சிகளை அட்டவணையில் குறித்திருப்பார்கள். குழந்தைகளுக்கென்று கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினங்கள், பொம்மலாட்டம் எல்லாம் தனியாக உண்டு.

பெரியவர்களுக்குச் சிரமம் நடைதான். காலையில் இரண்டு காட்சி, மதியம் நிழலில் ஓய்வு, பிறகு குதிரைச் சண்டை, அவ்வளவு போதும். மேடைகளில் பெரும்பாலும் சாய்வில்லாத மரப் பெஞ்சுகள், ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போங்கள். சக்கர நாற்காலி தள்ள முடியும், ஆனால் மேட்டில் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். குழந்தை வண்டியும் பெரிய சக்கரமாக இருந்தால் நல்லது. சின்னப் பிள்ளைகளின் கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். சிக்னல் நிலவரம் டிக்கெட் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன். பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே பேசிவையுங்கள்.

மழை வந்தா?

நடக்கும். மழையானாலும் வெயிலானாலும் விழா உண்டு, டிக்கெட் பணம் திரும்பாது என்பதுதான் பொது விதி. புயல் எச்சரிக்கை மாதிரி பெரிய காரணம் இருந்தால் மட்டும் மூடுவார்கள். தூறலில் கூட்டம் குறைந்து இன்னும் நன்றாகவே இருக்கும். குடையைவிட மழைக்கோட்டு வசதி, ஏனென்றால் குடை பின்னால் இருப்பவருக்கு மேடையை மறைக்கும். காரில் மாற்று ஷூ, காலுறை, சேற்றுச் செருப்பைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. ரத்து செய்யக்கூடிய அறை என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்னு ஒரு தேன் மது இருக்காமே? ஒரு கோப்பை குடிச்சிட்டு ஓட்டலாமா?

மீட் நன்றாகத்தான் இருக்கும், இனிப்பு நாக்கை ஏமாற்றும். சாதாரண பீரைவிட அதில் போதை அதிகம். 21 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை கேட்பார்கள், நரைத்த தலையானாலும். ஓட்டுகிறவர் யார் என்று காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள், அவருக்கு அன்று ஆப்பிள் சாறு. வேறு மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் அங்கே வழக்கு, இங்கே லைசென்ஸ், விசாவில் இருப்பவருக்கு விசா என்று மூன்று பக்கமும் இடிக்கும்.

எச்-1பி-ல இருக்கேன், அப்பா அம்மா விசிட்டர் விசா. மாநிலம் தாண்டினா ஏதும் பிரச்சினையா?

மாநிலம் தாண்டுவதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை. நடுவில் சோதனைச் சாவடியும் கிடையாது. ஆனால் 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. கிரீன் கார்டு இருந்தால் அந்த அட்டை, மற்றவர்களுக்குப் பொதுவாக ஐ-94 படிவத்தின் அச்சு. பெற்றோருடையதையும் அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்தக் கவரை ஹோட்டலில் விட்டுவிட்டு விழாவுக்குப் போனால் பயனில்லை. அவர்களுக்கு எடுத்த பயணிகள் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அதே கவரில்.

ஞாயித்துக்கிழமை திரும்பும்போது வழியில என்ன பார்க்கலாம்?

அடுக்காதீர்கள் என்று சொன்னவன் நான்தான், ஆனாலும் ஒன்றுக்கு விலக்கு. லான்ஹாம் ஊரில் சிவா விஷ்ணு கோயிலும், முருகன் கோயிலும் ஒன்றுக்கொன்று கொஞ்ச தூரத்திலேயே இருக்கின்றன. கிரவுன்ஸ்வில்லிலிருந்து அரை மணி நேரம். முந்தின நாள் பிரெட்ஸலும் சோளமும் தின்ற வயிற்றுக்கு அங்கே கேன்டீன் சாப்பாடு அமிர்தமாக இருக்கும். மதியம் கிளம்பினால் பே பாலம் வழியாக இருட்டுவதற்குள் வீடு.

பையன் நிஜ வாள் வேணும்னு அடம் பிடிக்கிறான், அப்பாவும் ஊருக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போறேங்கிறார். வாங்கலாமா?

வாள் விற்கும் கடைகள் உண்டு, பார்ப்பதற்கே அருமையாக இருக்கும். பெரியவர்கள்தான் வாங்க முடியும். விழாவுக்குள் வாளை உறையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், உருவக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டு போகும் பொம்மை வாளுக்கும் இதே விதி இருக்கலாம், பொம்மைத் துப்பாக்கியைத் தவிர்த்துவிடுங்கள். காரில் டிக்கியில் பெட்டியோடு வையுங்கள், இருக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். போலீஸ் நிறுத்தினால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பையனுக்கு மரவாளே போதும், கடையில் விதவிதமாக இருக்கும்.

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் புரியவையுங்கள். அமெரிக்காவில் விமானம் ஏறும்போது வாளைக் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போகலாம். ஆனால் சென்னையில் இறங்கினால் இந்திய ஆயுதச் சட்டத்தில் வாளும் ஆயுதக் கணக்கில்தான் வரும். சுங்கத்தில் நின்று அது அலங்காரப் பொருள் என்று வாதாடுவது அவருக்குத் தேவையில்லாத அலைச்சல். அவருக்கு ஒரு தோல் பெல்ட்டோ, பீங்கான் கோப்பையோ வாங்கிக் கொடுங்கள். கோப்பையைச் சட்டைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்தால் உடையாமல் போய்ச் சேரும்.